900 ரூபாய் ரெடிமேட் வெப்சைட்: அமுக்கினால் திறக்கணும், அவ்வளவுதானே?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கலெக்டர் ஆபீஸுக்கு மனு என்று வருகிற வேலைகளோடு, இப்போது சின்னக் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் போட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் ரெடிமேட் டெம்ப்ளேட் வாங்கி, எழுத்தையும் படத்தையும் மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி வாங்கிய ஒரு டெம்ப்ளேட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே கோளாறுகளோடு வேறு பல டெம்ப்ளேட்டுகளும் விற்பனையில் இருக்கின்றன. பெயரைச் சொல்வதைவிட, எதைச் சோதித்துப் பார்த்து வாங்கணும் என்று சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

வாடிக்கையாளர், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் போகிற வழியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு பெரியவர். விசிட்டிங் கார்டிலிருந்து பில் புக் வரைக்கும் எங்கள் கடையில்தான் அடிப்பார். “ஏம்மா, எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுடு. ஆனா நீளமா ஓடக்கூடாது. தலைப்பு மட்டும் தெரியணும், அமுக்கினா உள்ளே இருக்கிறது தொறக்கணும்” என்றார். அறைகள், கட்டணம், சாப்பாடு, வரும் வழி, நிபந்தனைகள், கேள்வி பதில் என்று ஆறு பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். இந்தத் தேவைக்குச் சரியாகப் பொருந்துவதுபோல் லாட்ஜ், ஹோம்ஸ்டே வகையில் ஒரு டெம்ப்ளேட் கிடைத்தது. விலை 900 ரூபாய்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு அழகு. நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை. போனில் திறந்தால் படங்கள் ஒழுங்காக அடங்குகின்றன. தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் இடித்துக்கொள்ளும். இதில் அதை ஒரே இடத்தில் மாற்றினால் பக்கம் முழுக்க மாறிவிடுகிறது. இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர்கள் பட்டனில் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்றுதான் புரியவில்லை.

லாட்ஜ்காரரிடம் போனைக் கொடுத்து “பாருங்க சார்” என்றேன். ‘கட்டணம்’ பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார், திறந்தது. “முதல் தடவ தூங்குது போல” என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் அந்தப் பழைய நான்கு வரி. ஜாவாஸ்கிரிப்ட் (அமுக்கினால் பக்கத்தை அசைய வைக்கிற மொழி) படிக்கிற எல்லாரும் ஆரம்பத்திலேயே எழுதிப் பார்ப்பது: பகுதியின் ஸ்டைலில் டிஸ்ப்ளே ‘நன்’ (மறை) என்று இருந்தால் ‘பிளாக்’ (காட்டு) ஆக்கு, இல்லையென்றால் ‘நன்’ ஆக்கு. படிக்கும்போது தப்பே தெரியாது. ஆனால் பகுதியை முதலில் மறைத்து வைத்திருப்பது தனியாக இருக்கும் சிஎஸ்எஸ் ஃபைல், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்டைல் என்று கேட்டால், அந்தப் பகுதியின் டேக்கிலேயே (பக்கத்தை எழுதுகிற ஹெச்டிஎம்எல் மொழியின் குறி) நேரடியாக எழுதியதை மட்டும்தான் சொல்லும், சிஎஸ்எஸ் ஃபைலில் இருப்பதைச் சொல்லாது. அங்கே ஒன்றும் எழுதாத வெற்றிடம்தான் இருக்கும். ‘நன்’ இல்லை என்பதால் ஏற்கெனவே மறைந்திருப்பதை இன்னொரு தடவை மறைக்கிறது. அதுதான் முதல் அமுக்கல். இரண்டாவது அமுக்கலில்தான் ‘நன்’ கண்ணில் பட்டுத் திறக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரே வரி போதும். டிஸ்ப்ளேவைத் தொடாமல், ‘திறந்தது’ என்பதற்கு ஒரு கிளாஸ் (டேக்குக்குக் கொடுக்கும் அடையாளப் பெயர்) வைத்துக்கொண்டு கிளாஸ்லிஸ்ட்டில் டாகிள் செய்துவிட்டால் முடிந்தது, அதாவது இருந்தால் எடு, இல்லையென்றால் சேர். எப்படித் தெரியணும் என்பதை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். காசு வாங்கி விற்கிற பொருளில் இது இருந்திருக்க வேண்டாமா? விற்பவருக்கு மெயில் போட்டேன். “பிரவுசர் கேஷைக் காலி செய்து பாருங்கள்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

அடுத்தது ஐடி சமாச்சாரம், அதாவது பக்கத்தின் ஒரு துண்டுக்குக் கொடுக்கிற தனிப் பெயர். கேள்வி பதில் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பட்டன். “கார் நிறுத்த இடம் உண்டா” என்பதை அமுக்கினால், அதற்கு மேலே இருக்கிற “செக்கவுட் எத்தனை மணி” திறக்கிறது. எதை அமுக்கினாலும் அதேதான். டெம்ப்ளேட் செய்தவர் முதல் கேள்வியை எழுதி, அதையே காப்பி செய்து கீழே கீழே ஒட்டியிருக்கிறார். ஐடியை மாற்றவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு முறைதான் வரணும். இரண்டு இடத்தில் இருந்தால், ஐடியை வைத்துத் தேடும்போது முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு பிரவுசர் கிளம்பிவிடும், எரர் எதுவும் காட்டாது. விற்பனைக்கு வைத்த டெமோ பக்கத்திலும் இதே கோளாறு இருந்தது. அங்கே எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி டம்மி எழுத்தைப் போட்டு வைத்திருந்ததால், எது திறந்தது என்று யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது நிபந்தனைகள் பகுதியில்தான். பட்டனை அமுக்கியதும் படக்கென்று திறக்காமல் மெதுவாக விரியணும் என்று ஒரு அனிமேஷன் வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயரத்தைச் சுழியத்திலிருந்து ‘ஆட்டோ’ (உள்ளே இருக்கிற எழுத்துக்குத் தக்க உயரம்) வரைக்கும் நகர்த்துவதற்கு சிஎஸ்எஸ்ஸில் நீண்ட காலம் வழியில்லை. அதனால் எல்லாரும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: மேக்ஸ்-ஹைட்டை, அதாவது அதிகபட்ச உயரத்தை, சுழியத்திலிருந்து ஏதாவது ஒரு எண்ணுக்கு நகர்த்துவது, மிஞ்சுவதை மறைத்துவிடுவது. இதில் அந்த எண் 300 பிக்ஸல். டெமோவில் இருந்த ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கும். நம்முடைய நிபந்தனைகளைத் தமிழில் போட்டால், போன் திரையின் அகலத்துக்கு வரிகள் மடங்கி மடங்கி நீண்டுவிடுகின்றன. ஏழாவது நிபந்தனையோடு பகுதி நின்றுவிட்டது. எட்டாவது நிபந்தனை என்ன தெரியுமா? மாசி மகத்து நாட்களில் முன்பணம் திருப்பித் தரப்படாது.

மாசி மகத்துக்கு சில்வர் பீச்சில் எப்படிக் கூட்டம் கூடும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்று வட்டாரத்து சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கே வரும். அந்த நாட்களில் ரூம் கேட்டு முன்பணம் கட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்பவர்களோடுதான் லாட்ஜ்காரருக்குச் சண்டையே. அந்த ஒரு வரிதான் திரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெட்டுப்பட்டது என்றும் தெரியவில்லை, ஏழோடு முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 300ஐ 3000 ஆக்கினால் எழுத்து வந்துவிடும், ஆனால் சின்னப் பகுதிகள் கண்டபடி வேகமாகத் திறந்து, மூடும்போது தயங்கித் தயங்கி மூடும். நான் அனிமேஷனையே எடுத்துவிட்டேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. ரூம் கேட்டு எழுதுகிற படிவத்துக்குள்ளேயே ‘நிபந்தனைகளைப் பார்க்க’ என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் நிபந்தனை திறப்பதற்குள் படிவம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஹெச்டிஎம்எல் படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் எதுவும் சொல்லாவிட்டால் அது ‘சப்மிட்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘டைப் பட்டன்’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். பெயர், போன் நம்பர் கட்டாயம் என்றும் டெம்ப்ளேட்டில் குறிக்கவில்லை. லாட்ஜ்காரருக்கு வெற்று விசாரணைகள் மெயிலில் வந்துகொண்டே இருந்தன. “யாரோ வெறும் காயிதம் அனுப்பறாங்கம்மா” என்று அவர் போன் செய்தபோது, ஏதோ ஸ்பேம் என்றுதான் நினைத்தேன்.

படத் தொகுப்பில் வேறு ஒரு முறை. ஏசி அறை, ஏசி இல்லாத அறை என்று மேலே இரண்டு பட்டன், ஒன்றை அமுக்கினால் மற்றதன் படங்கள் மறையணும். மறைகின்றன. ஆனால் அவை இருந்த இடம் அப்படியே வெள்ளையாக நிற்கிறது. டிஸ்ப்ளே ‘நன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் விசிபிலிட்டி ‘ஹிட்டன்’ என்று எழுதியிருக்கிறார்கள். பந்தியில் இலை போட்டுவிட்டு ஆள் உட்காராத இடம் மாதிரி, இடம் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே ‘நன்’ என்றால் அந்த இலையே போடவில்லை என்று அர்த்தம், பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. எங்கள் கடைக்கு வருகிற ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், பார்வை கிடையாது. ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை வைத்துக்கொண்டு எங்களைவிட வேகமாக வேலை பார்ப்பார். அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். “கட்டணம்னு ஒரு வார்த்தை சொல்லுது. அப்புறம் ஒண்ணும் சொல்லல. அமுக்கணுமா, கட்டணமே இல்லையா?” என்று சிரித்தார். பட்டன் என்று நாம் பார்ப்பது உண்மையில் பட்டனே கிடையாது. டிவ் என்ற வெறும் பெட்டி டேக்கை எடுத்து, நிறம் அடித்து, கிளிக் செய்தால் ஓடு என்று ஜாவாஸ்கிரிப்டைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் டேப் கீயை அமுக்கிக்கொண்டே போனால் அது நின்று பார்க்காமல் தாண்டிப் போகும். நிஜமான பட்டன் டேக் போட்டால் டேப், என்டர், ஸ்பேஸ் எல்லாம் சும்மாவே கிடைத்துவிடும். அதோடு ‘ஏரியா-எக்ஸ்பாண்டட்’ என்ற பண்பைச் சேர்த்து, திறக்கும்போது ‘ட்ரூ’, மூடும்போது ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால், டாக்பேக்கும், கம்ப்யூட்டரில் அதே வேலை செய்கிற என்விடிஏவும் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடும். என்விடிஏ இலவசம், விண்டோஸில் போட்டு நீங்களே கேட்டுப் பார்க்கலாம். இதை டெம்ப்ளேட் விற்பவர்கள் பெரிய உபகாரம் மாதிரி தனி விலைக்கு விற்பார்கள், அது வேறு கதை.

மழைக்கால நெட்வொர்க்கையும் சொல்லியாகணும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த வாரம் இந்தப் பக்கம் போனில் டேட்டா எப்படி இழுத்துக்கொண்டு இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்த டெம்ப்ளேட்டில் எல்லாப் பகுதியும் சிஎஸ்எஸ்ஸால் மூடியே வருகிறது. திறக்கிற ஜாவாஸ்கிரிப்ட் எங்கோ வெளியில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து கடைசியாக வரணும். அந்த ஃபைல் வந்து சேராவிட்டால் தலைப்புகள் மட்டும் வரிசையாக நிற்கும், எதை அமுக்கினாலும் அசையாது. புயல் நேரத்தில் ஒருவர் லாட்ஜ் பக்கத்தைத் திறக்கிறார் என்றால் ரத்து செய்கிற விதியையோ போன் நம்பரையோ தேடித்தான் திறப்பார். மறைக்கிற வேலையையும் ஜாவாஸ்கிரிப்டே செய்யட்டும், அது வராவிட்டால் எல்லாம் திறந்தே கிடக்கட்டும் என்று எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பிரின்ட் பற்றி டிடிபிக்காரி பேசாமல் இருக்க முடியுமா? இந்தப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் பி கொடுத்தால் ஆறு தலைப்பு மட்டும் வெள்ளைத் தாளில் வருகிறது. மூடியது எதுவும் அச்சாகாது. பிரின்டுக்கென்று தனியாக சிஎஸ்எஸ் எழுதி, எல்லாவற்றையும் திறந்து காட்டு என்று சொல்லணும். கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினாலும் இதே கதைதான்: ‘பார்க்கிங்’ என்று தேடினால், அந்தச் சொல் மூடிய பகுதிக்குள் இருந்தால் கிடைக்காது.

சரி, எப்படி முடித்தேன் என்று சொல்கிறேன். ஐந்து பகுதிகளிலும் டெம்ப்ளேட்டின் ஜாவாஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு, ஹெச்டிஎம்எல்லில் சொந்தமாகவே இருக்கிற டீட்டெயில்ஸ், சம்மரி டேக்குகளைப் போட்டேன். சம்மரிக்குள் தலைப்பு, அதன் கீழே விஷயம். ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. அமுக்கினால் திறக்கும், மறுபடி அமுக்கினால் மூடும், கீபோர்டிலும் வேலை செய்யும், திறந்த நிலை மூடிய நிலையை டாக்பேக் தானாகச் சொல்லும். குரோமில் தேடினால், தேடிய சொல் மூடிய டீட்டெயில்ஸுக்குள் இருந்தாலும் அதைத் திறந்து காட்டிவிடும். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு (குரோமின் அடிப்படை) மாறியதிலிருந்து எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் இந்த டேக்குகள் ஓடுகின்றன. கேள்வி பதிலில் ஒன்றைத் திறந்தால் மற்றது மூடணும் என்றால், எல்லா டீட்டெயில்ஸுக்கும் ஒரே ‘நேம்’ கொடுத்தால் போதும். இந்த வசதி 2023 டிசம்பரில் குரோமுக்கும் சஃபாரிக்கும் வந்தது, 2024இல் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டது. பழைய போனில் அந்த நேம் புரியாவிட்டால் இரண்டு கேள்வி ஒரே நேரத்தில் திறந்து நிற்கும், அவ்வளவுதான், குடி முழுகிப் போகாது.

இதிலும் குறை உண்டு. பிரின்ட் எடுக்கும்போது மூடிய டீட்டெயில்ஸ் மூடியேதான் வரும். அச்சுக்கு முன்னால் பிரவுசர் கொடுக்கிற ‘பிஃபோர்பிரின்ட்’ சமிக்ஞையைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ‘ஓப்பன்’ போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பக்கத்தில் கிட்டத்தட்ட மிச்சமிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதுவும், ஏசி பட்டன்களும்தான். ஏசி பட்டன்களுக்கு டீட்டெயில்ஸ் பொருந்தாது, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கிற வேலை அது. அங்கே நிஜமான பட்டன், ஹிட்டன் பண்பு (டேக்கிலேயே எழுதி மறைப்பது), கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் என்பதுதான் சரி. ஒன்று மட்டும் கவனம்: அந்தப் படங்களின் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே ‘ஃப்ளெக்ஸ்’ என்று எழுதியிருந்தால் ஹிட்டன் போட்டாலும் மறையாது. எழுதிய சிஎஸ்எஸ், பிரவுசரின் சொந்த விதியை மிதித்துவிடும். ஹிட்டன் உள்ளதற்கு டிஸ்ப்ளே ‘நன்’ என்று நீங்களே ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறாவது பகுதி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அது ‘வரும் வழி’. அதை மூடவே இல்லை, திறந்தே வைத்துவிட்டேன். ரயிலில் வருகிற வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனா, முதுநகர் பக்கம் இருக்கிற கடலூர் துறைமுகம் ஜங்ஷனா என்பதில்தான் குழப்பமே. தெரியாமல் துறைமுகத்தில் இறங்கிவிட்டு ஆட்டோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தவர்கள், வந்ததும் லாட்ஜ்காரரிடம்தான் கோபப்படுவார்கள். பாண்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எங்கே இறங்கி எங்கே ஆட்டோ பிடிப்பது என்பதும் அதில்தான் இருக்கிறது. இதை ஒரு பட்டனுக்குப் பின்னால் வைத்துவிட்டு, போனில் ஒவ்வொருத்தருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

கட்டணம் விஷயத்தில் எனக்கும் லாட்ஜ்காரருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. திறந்து வைக்கலாம் என்கிறேன் நான். “வெலயப் பாத்துட்டு ஓடிடுவாங்கம்மா, மொதல்ல ரூம் படத்தப் பாக்கட்டும்” என்கிறார் அவர். கடை அவருடையது, மூடியே இருக்கிறது.

சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்டும் ரெடிமேடாகக் கிடைக்கிற பூட்ஸ்ட்ராப் தொகுப்பைப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: போட்டிருக்கலாம். அதன் அக்கார்டியனில் (திறந்து மூடுகிற பகுதிகள்) பட்டன் நிஜப் பட்டன், ஏரியா பண்புகளும் உதாரணத்திலேயே இருக்கின்றன. 2021இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு ஜேகுவெரி என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பும் வேண்டாம். ஆனால் ஒன்று: பழைய நான்காம் பதிப்புக்கு எழுதிய பக்கத்தை ஐந்துக்கு மாற்றினால் ‘டேட்டா-டாகிள்’ என்பதையெல்லாம் ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ என்று மாற்றணும், இல்லையென்றால் எந்தப் பட்டனும் திறக்காது. ஏற்கெனவே பூட்ஸ்ட்ராப்பில் இருக்கிற பக்கம் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு தலைப்பைத் திறந்து மூடுவதற்காக மட்டும் அதைக் கொண்டுவந்து இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டெம்ப்ளேட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் வடிவமைப்புக்கும் தமிழ் வரி இடைவெளிக்கும். பட்டன்களுக்கு ஒன்றும் கிடையாது. ஹெச்டிஎம்எல் கை வைக்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம், பட்டனையெல்லாம் பிடுங்கிவிட்டு டீட்டெயில்ஸ் போட்டுக்கொண்டால் 900 ரூபாய்க்கு மோசமில்லை. எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே ஏற்றிவிடலாம் என்று நினைக்கிற லாட்ஜ்காரர், மெஸ்காரர், முந்திரிக் கடைக்காரர் யாரும் வாங்க வேண்டாம்.

இதை விடுங்கள், வேறு எந்த டெம்ப்ளேட் வாங்கினாலும் காசு கட்டுவதற்கு முன்னால் டெமோ பக்கத்தை உங்கள் போனில் திறங்கள். முதல் பட்டனை விட்டுவிட்டு மூன்றாவதை ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் கீயால் அந்தப் பட்டனுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, டெமோவில் இருக்கும் ஆங்கிலத்தின் மேல் உங்கள் நிபந்தனைகளைத் தமிழில் ஒட்டிப் பார்க்க விடுவார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த டெம்ப்ளேட்டுக்குப் போய்விடுங்கள்.